காலித் தொட்டி

நேற்றும் செங்கமலம் எட்டிப் பார்த்தாள்,
காலி என்று விட்டுப் போனாள்.

அடி வெடித்து, ஒரு சக்கரம் கழன்று,
மூடி இருந்த இடத்தில் வெயில் மட்டும் மூடிக் கிடக்கும்
பச்சைத் தொட்டி.
கஜா அடித்த மறுவாரம்
நீடாமங்கலம் கடைத்தெருவில் ஆயிரத்து நானூறு.

சாக்பீஸால் எழுதிவைத்தேன்:
இதுவும் குப்பை.
விடிந்து பார்த்தால் உள்ளே தர்பூசணித் தோல்.
செங்கமலம் தோலை எடுத்துக்கொண்டு
சாய்ந்திருந்த தொட்டியை நேராக நிமிர்த்தி வைத்தாள்,
மரியாதையாக.

"ராத்திரி கோரையாத்துல தள்ளிவிடுங்க சார்,
தண்ணி தொறந்தாச்சு, தானாப் போயிடும்"
என்றார் எதிர்வீட்டு சிங்காரவேல்.

தானாக எங்கே போகும்?
போன ஐப்பசியில் வாய்க்கால் மதகில்
இதே போல் ஒன்று குறுக்கே நின்றது.
பலகை இறங்கவில்லை.
லஸ்கர் மாசிலாமணி இடுப்பில் கயிறு கட்டி இறங்கி
இழுத்துப் போடுவதற்குள்
நாலு மா நடவு தண்ணீருக்கு அடியில்.
கரையில் கிடந்த தொட்டியில்
பெயிண்டால் எழுதிய கதவு எண் அழியாமல் இருந்தது.
படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.
சிங்காரவேலிடம் இப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கழுவ உட்கார்ந்தேன்.
சலவைச் சோடா, தென்னை விளக்குமாறு, ஆறு குடம் தண்ணீர்.
அடியில் ஒரு மாத்திரை அட்டை,
மீன் செதில்,
மற்றபடி எதுவும் தனியாக இல்லை:
இத்தனை வருஷம் நான் வேண்டாம் என்றதெல்லாம்
ஒரே நாற்றமாகச் சேர்ந்திருந்தது.
மூக்கைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன்.

ஜபருல்லாவின் பழைய இரும்புக் கடையில்
ரம்பத்தால் நாலாக அறுத்தோம்.
அச்சுக் கம்பி தனி, பிளாஸ்டிக் தனி.
"கழுவிக் கொண்டாந்தது நீங்கதான் மொத ஆளு"
என்று கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டினார்.
நாலரைக் கிலோ.
ஐம்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு;
ஐம்பது காசுக்கு ஒரு மிட்டாய்.
ஒற்றைச் சக்கரத்தை
இஸ்திரி வண்டி பாண்டுரங்கன் கேட்டு வாங்கினார்.
அன்றிலிருந்து அவர் வண்டி
வலது பக்கம் கொஞ்சம் தூக்கல்.

வாசலில்
தொட்டி நின்ற இடம் புல் இல்லாத வட்டம்.

மறுநாள் காலை, அதன் நடுவில்
முடிச்சுப் போட்ட ஒரு கேரிபேக்.
செங்கமலம் என்னைப் பார்த்தாள்.
நான் எதிர்வீட்டைப் பார்த்தேன்.

வட்டத்துக்கு வெளியே
ஒரு பருக்கைகூடச் சிந்தியிருக்கவில்லை.