பதினேழாவது குடுவை

பட்டியலில் இது பதினேழு.
பென்சிலால் எழுது,
மை கரைந்துவிடும் என்றார் ஃப்ருவாதெவோ.
அக்டோபர். சென்லெஜியேக்கு மேலே
கரிச்சேற்று நிலம்.
பலகைப் பாதையை விட்டு ஒரு கால் வைத்தால்
முழங்கால் வரை கேட்கும்.

குடுவைச்செடிகள் பாசியில் மல்லாந்து கிடக்கின்றன,
பல் வைத்தியருக்கு வாய் திறந்து
வைத்தியர் வராத மாதிரி.
உள்ளே சிவப்பு நரம்பு,
கீழ்நோக்கிச் சீவிய மயிர்.
இறங்கிப் போகலாம்.

யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர்
எழுபது வருடத்துக்கு முன்
கனடாவிலிருந்து ஒரு வேர் கொண்டுவந்து
இங்கே ஊன்றி, வேடிக்கை பார்த்து, செத்துப்போனார்.
செடி சாகவில்லை.
இப்போது கன்டோன் எழுதியிருக்கிறது:
அந்நியம். பிடுங்கி எரிக்கவும்.
நான் இரண்டு முறை வாசித்தேன்.
இந்த நாட்டில் கடிதங்களை
இரண்டு முறை வாசித்துப் பழக்கம்.

பிடுங்குமுன் தண்ணீர் எடுப்பது என் வேலை.
குடுவைக்கு ஒரு உறிஞ்சி, ஒரு குப்பி.
ஆறிப்போன தேநீரின் நிறம்.
மீன் கழுவிய கை
மறுநாள் மணக்கும் மணம்.

மாலையில் நுண்ணோக்கி.
முதலில் தெரிந்தது எறும்பின் தலை,
உடம்பைத் தேடாத தலை.
பிறகு நுளம்பின் ஒற்றைச் செட்டை.
இனி ஒன்றுமில்லை என்று நகர்த்தப் போகையில்
அழுக்கின் ஓரத்தில் ஒரு துணுக்கு
நீண்டது, சுருங்கியது,
அட்டை போல ஓரடி வைத்தது,
காலை ஊன்றிக்கொண்டு
தலையில் இரண்டு சில்லை விரித்தது.

சுழல்கிறது.
உண்மையில் சுழலவில்லை,
மயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைசாய்கின்றன.
கண்தான் சில்லென்று நம்புகிறது.

பாம்பின் வாய்த் தேரை என்போம்.
தேரைக்கு அது பாம்பென்று தெரியும்.
இது பாம்பின் வயிற்றில் முட்டையிட்டு
அந்த முட்டையும் முட்டையிட்டு
எத்தனையாம் தலைமுறை என்று
எனக்கு எண்ணத் தெரியாத ஊர்.

ஆண் ஒருவனும் இல்லை.
எந்தக் குப்பியிலும் இல்லை.
மகள், மகளின் மகள்,
கல்யாணப் பேச்சே எடுக்காத குலம்.
கொரினுக்குச் சொன்னேன்.
"அப்போ சமையல் யார்?" என்றாள்.
இலை என்றேன்.

அதுவும் சரியில்லை.
இலைக்குத் தனியே சமைக்க வராது.
ஈ விழ வேண்டும், ஊற வேண்டும்,
பக்டீரியா குழைக்க வேண்டும்,
இவர்கள் அதைத் தின்று கழித்த உப்பில்தான்
இலை பசியாறும்.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள்.
இங்கே வீடு நிற்பதே
உண்டவர்களின் கழிவில்.

கடிதத்தில் செடி இருந்தது,
கடைசித் தேதி இருந்தது, முத்திரை இருந்தது.
இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
கனடாவிலிருந்து வேரோடு வந்தவர்களா,
இந்தப் பாசியிலேயே இருந்து
நல்ல வீடு கண்டு ஏறினவர்களா?
ஃப்ருவாதெவோ கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.
தெரியாது, என்றார். யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எரித்தார்கள்.
ஈரம். நெருப்பைவிடப் புகை.
பதினேழின் வடிதாளை வீசாமல்
அங்கிப் பையில் வைத்து மறந்தேன்.
மறந்தேன் என்றுதான்
பதிவேட்டில் எழுத முடியும்.

மார்ச். அங்கியைக் கழுவப் போட்டபோது
தாள் கருவாடாய்க் காய்ந்திருந்தது.
சாப்பாட்டு இடைவேளை.
கண்ணாடித் துண்டில் சுரண்டிவைத்து
ஒரு சொட்டு மழைநீர்.
ஐந்து நிமிடம், அழுக்கு.
இருபது நிமிடம், அழுக்கு.
சோற்றுப் பெட்டியைத் திறந்து
கத்தரிக்காய்க் குழம்பை முடித்து
கையை நன்றாகத் துடைத்துவிட்டுக் குனிந்தேன்.

மணல் என்று விட்ட ஒரு பொட்டு
நடுவில் கலங்கியது.
நின்றது.
பிறகு, சோம்பல் முறிப்பதுபோல், நீண்டது.

"என்ன பார்க்கிறாய்?"
கதவருகே கொரின்.
ஒன்றுமில்லை என்றேன்.
விளக்கைக் கொஞ்சம் குறைத்தேன்.
இப்போதுதான் எழும்பியவளுக்கு
அவ்வளவு வெளிச்சம் ஆகாது.