மூடிய வாய்

நெவுக்கேன் போகும் நெடுஞ்சாலையில்
கிலோட்ரானின் பெட்ரோல் நிலையச் சுவரில்
இருபத்தாறு வருடமாகக்
கத்திக்கொண்டே நிற்கிறது
நான் வரைந்தது.

ஒரு பல் என் முழங்கை நீளம்.
லாரிக்காரர்கள் அந்த வாய்க்குத்
தலையைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள்.
கடைவாயில் ஒருமுறை
குளவி கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியது.

இப்போது அருங்காட்சியகத்து மகாலி வந்து சொல்கிறாள்:
பல் வெளியே தெரிந்திருக்காது.
காற்றுப்பட்டால் காய்ந்து தேய்ந்துபோகும்.
உடும்புக்குப் போல உதடு இருந்திருக்கலாம்.
இருந்திருக்கலாம் என்பதை
இரண்டு முறை சொன்னாள்.
பிறகு, கையையும் திருப்பிவிடுங்கள்,
உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கவேண்டும்,
மாவு பிசைகிற கை இல்லை அது
பந்து பிடிக்கிற கை.

"மூடின வாய்க்கு எவன் நிறுத்தி டீசல் போடுவான்?"
கிலோட்ரானுக்கு அதுதான் கவலை.

சுரண்டினேன்.
என் பச்சை செதில்செதிலாக உதிர்ந்தது.
அடியில் ஒரு சாம்பல் நிறம்,
தரையில் இழுபடும் வால்,
மூலையில் பெர்கோவிச் என்று கையெழுத்து.
மறந்தே போயிருந்தேன்.
பெருச்சாளி வரைந்திருக்கிறான் கிழவன் என்று
இருபத்துமூன்று வயதில் சிரித்துக்கொண்டே
அதன்மேல் பூசியவள் நான்தான்.
அவர் அப்போது உயிரோடு இருந்தாரா
என்றுகூட விசாரிக்கவில்லை.

எலும்பு கிடைத்துவிடுகிறது.
உதட்டை யார் கண்டது?
பம்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாயை
அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோரைப்பல் இருக்கும் இடத்தில்
லேசாக மேடுதட்டி, ஈரமாக,
எதையும் காட்டிக்கொள்ளாமல்
தூங்கியது அதன் வாய்.

நான்காம் நாள் மாலை
கடைசிப் பல்லையும் மூடினேன்.
மூடிய பிறகுதான்
அதற்குக் கண் இருப்பது தெரிந்தது.

வழக்கமாக வரும் லாரிக்காரர் வந்தார்.
தலை வைக்க இடம் தேடினார்.
தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்,
ஓரடி தள்ளி நின்றே படம் எடுத்துக்கொண்டார்.

கிலோட்ரான் வெகுநேரம் பேசவில்லை.
"இது என்னமோ யோசிக்கிறது" என்றார்.
பிறகு, பயந்தவர்போல,
"அடுத்த தடவை இறகு முளைக்குமோ?"

தெரியாது என்றேன்.
வால் நுனிக்குக் கீழே
பெர்கோவிச்சை மட்டும் பூசாமல் விட்டிருந்தேன்.
மிச்சப் பெயிண்ட் காய்ந்துவிடாதபடி
டப்பாவை அழுத்தி மூடினேன்.