அறுபது சென்டிமீட்டர்

கீட்டோவில் உன் தோலுக்கடியில்
தீப்பெட்டி அளவு பேஸ்மேக்கர் ஒன்றைத் தைத்து அனுப்பினார்கள்.
கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள்,
வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதா,
இருந்தால் அறுபது சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்கள்
என்றார் மருத்துவர், பேனாவை மூடிக்கொண்டே.
லதகுங்கா வரும்வரை பேருந்தில் நீ வாய் திறக்கவில்லை.
முப்பத்தெட்டு வருடம் இந்த வீட்டில் சமைத்தவன் நீ, எலிசேயோ.
நான் சாப்பிட்டவள்.

அந்த அடுப்பை வாங்கியதும் நீதான்.
பழைய பானைகளை வரிசையாக வைத்து
ஃபிரிட்ஜ் கதவின் ஸ்ட்ராபெரி காந்தத்தால்
ஒவ்வொன்றின் அடியையும் தொட்டுப் பார்த்தாய்.
அலுமினியத்தில் வழுக்கியது. மண்சட்டியில் விழுந்தது.
செம்பில் விழுந்து மேசைக்கடியில் உருண்டது.
எனாமல் உரிந்த கறுப்புப் பானை மட்டும்
விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.
அதன் அடியைத் தட்டிப் பார்த்து, "சமதளம்" என்றாய்,
நிலம் வாங்குகிறவனைப் போல.

தனிக் கம்பி இழுக்க வந்தான் வாஷிங்டன்,
அம்பாட்டோவைத் தாண்டி எங்கும் போயிராத வாஷிங்டன்.
"ஃபிரிட்ஜோடு ஒரே பிளக்கில் செருகினால்
என்னைக் கூப்பிடாதீர்கள்.
தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுங்கள்."
அடுப்பின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்ததைப் பார்த்து
ஒரு கை அகலம் முன்னால் இழுத்து வைத்தான்:
மூச்சு விடட்டும்.

இப்போது தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.
அந்தப் பக்கம் நான்.
இந்தப் பக்கம் நாற்காலி போட்டு நீ, அரசாங்கம் மாதிரி.
தேய்க்காதே, தூக்கி வை, கண்ணாடி அது.
கரண்டியை ஏன் அதன்மேல் சாத்துகிறாய்?
பால் பொங்கும்முன் குறை, பொங்கியபின் இல்லை.
வெல்லப்பாகு சிந்திய அன்று எழுந்தே நின்றுவிட்டாய்:
அணை! கல்லாகும்முன் சுரண்டு! விரலால் இல்லை, சுரண்டியால்!
அறுபத்து மூன்று வயதில்
உருளைக்கிழங்கு தோல் சீவக் கற்றேன்.
பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.

சுடர் இல்லாததை எப்படி நம்புவது என்று கேட்டேன்.
ஜன்னலைக் காட்டினாய்.
வெளியே கோட்டோபாக்சி, வெள்ளையாக, ஒன்றும் தெரியாததுபோல்.
"அதுவும்தான் சுடர் காட்டுவதில்லை.
யாராவது அதன்மேல் கை வைக்கிறார்களா?"

வியாழக்கிழமை சாகிசிலி சந்தையிலிருந்து
பாலாடைக்கட்டியோடு தாமதமாக வந்தேன்.
வாசலிலேயே சீரக வாசனை.
நீ கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றாய். அதை ஒப்புக்கொள்கிறேன்.
துடைப்பக் கழியில் ஷூ கயிற்றால் மரக்கரண்டி கட்டி
தூரத்திலிருந்து லோக்ரோ கிளறிக்கொண்டிருந்தாய்,
படகு தள்ளுகிறவன்போல.
ஆனால் பொத்தான் கழிக்கு மசியவில்லையாம்.
மரம் தட்டினால் அதற்குக் காது கேளாது,
சதை தொட வேண்டும்.
அதனால் மாடிவீட்டு நயேலி வந்திருந்தாள்.
பத்து வயது, ஈரம் துடைத்த விரல்,
ஒரு சாக்லேட் கூலி.

இந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும்.
கிழங்குதான் அசையாது.
மூன்று பேரும் காத்திருந்தோம்.

"இப்போது அணை" என்றாய். நயேலி தொட்டாள்.
கண்ணாடியில் சிவப்பாக ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியது:
இன்னும் சுடும்.
பழக்கதோஷத்தில் பிளக்குக்கு நான் கை நீட்ட,
"பொறு, விசிறி ஓடட்டும், உள்ளே ஆறவேண்டும்."
அது ஓடியது.
அணைத்தபோதே காந்தம் நின்றுவிட்டது,
உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.
ஆனாலும் அந்தச் சிறு இரைச்சல் ஓயும்வரை
கால் கட்டைவிரலை டேப்பின் விளிம்பில் வைத்து
நீ நின்றாய்.

ஓய்ந்தது.
கோட்டைத் தாண்டினாய்.
கழியிலிருந்து கரண்டியை அவிழ்த்து
ஊதி ஊதிச் சுவைத்தாய்.

"உப்பே இல்லை.
நயேலி மறந்துவிட்டாள்" என்றாய்.

பொத்தானுக்கு மட்டும்தான் பேச்சு என்றாள் அவள்,
சாக்லேட்டுக்குக் கை நீட்டியபடி.