நூற்று நாற்பத்து மூன்று

மாங்குளம் சந்தியில், ரயர் கடைக்கு மேலே
எங்கள் சங்கத்தின் கந்தோர்.
மூன்று கதிரை. ஓர் அலுமாரி.
அதன் திறப்பு தலைவர் தர்மகுலத்தாரின் இடுப்பில்.
பெயர்ப்பலகை எழுதியவன்
வில்லுக்குப் புள்ளி வைக்க மறந்துபோனான்.
ரயர் மாற்ற வருகிறவர்கள்
"விலைவித்தை வணிகர் சங்கம்" என்று வாசித்துச் சிரிப்பார்கள்.
கணக்கு எழுதுகிற எனக்கு
அதிலும் பிழை தெரியவில்லை.

இங்கே வேலை செய்கிற ஒருவரும்
ஒருநாளும் நாண் இழுத்ததில்லை.

சுங்கத்துக்குக் கலைவதனி ஆறு கடிதம் எழுதினாள்.
அம்பு என்று எழுத, ஆயுதமா என்று கேட்டார்கள்.
விளையாட்டுத் தடி என்று எழுத,
தடிக்கு எதற்கு இரும்பு முனை என்றார்கள்.
ஆறாவதில் எழுதினாள்:
"முனை உண்டு. நீளம் எழுபத்தாறு சென்ரிமீற்றர்.
வைக்கோலுக்கு மட்டும் ஆபத்தானது."
ஒன்பது மாதம் கழித்துப் பெட்டி வந்தது,
நாலு பக்கமும் வெட்டி, நாலு பக்கமும் ஒட்டி.

இரவில் தொலைபேசி வரும்.
"தங்கச்சி, பன்றிக்கு எது திறம்?"
"அண்ணை, எங்களிட்ட இருக்கிறது அட்டைக்கு."
"மரைக்கு?"
"அட்டைக்கு."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு, "அட்டையைத் தின்னேலுமோ?"

ஒலுமடுப் புஸ்பமலர் இலக்குக் கட்டுகிறவள்.
உரச்சாக்குக்குள் வைக்கோலை உதைத்து உதைத்து இறுக்குவாள்.
ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு.
மூன்று மாதக் காசு பாக்கி.
போட்டியன்று எல்லாரும் புள்ளியைப் பார்க்க
அவள் பின்னால் போய்
எது துளைத்து வெளியே வந்தது என்று தடவிப் பார்ப்பாள்.

ஒட்டுசுட்டான் மைதானத்தில் போட்டி முடிந்தது.
கிண்ணம், பொன்னாடை, பிரதம விருந்தினர்.
படத்தில் எங்கள் பக்கமாக விழுந்தது
கலைவதனியின் முழங்கை மட்டும்.
வாகனங்கள் போய்விட்டன.
நான் அம்பு எண்ணினேன்.
கொடுத்தது நூற்று நாற்பத்து நாலு.
வந்தது நூற்று நாற்பத்து மூன்று.
திரும்ப எண்ணினேன்.
இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்
புல்லுக்குள் எங்கேயோ படுத்திருந்தது.

களஞ்சியம் பார்க்கிற அருள்நேசன்
செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டான்.
எங்களிடம் வர முதல்
ஒன்பது வருசம் கண்ணிவெடி எடுத்தவன்.
இடமிருந்து வலம், ஒரு சாண், பிறகு அடுத்த சாண்,
விரலால் புல்லை வகிடெடுத்துப் போனான்.
ஒருவரும் சொல்லாமலே
நாங்கள் ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிற்பதுபோல் நின்றோம்.
கயிறு இருக்கவில்லை.
"அடி வைக்காதேங்கோ" என்றான்.
பிறகு திரும்பிப் பார்த்து, "பழக்கம்" என்றான்.

சோடா மூடி ஒன்று.
பேனைக் கூடு ஒன்று.
இருட்டுப்பட்டுவிட்டது.
கலைவதனி கைத்தொலைபேசி வெளிச்சம் பிடித்தாள்.
பாலைமரக் கரையில் அவன் கை நின்றது.
இழுக்கவில்லை.
இரண்டு பக்கமும் மண்ணைத் தட்டி, மெதுவாக எடுத்தான்.

அது எங்களுடையதில்லை.
எங்களுடையது கறுப்பு, இலக்கம் அடித்தது.
இது வீரைக் கம்பு, கத்தியால் சீவியது.
வாலில் மயிலிறகு, சைக்கிள் ரியூப்பால் கட்டியது.
முனைக்கு ஒரு கூரை ஆணி,
நேராக, மிகவும் நேராக.

எந்தப் பொடியன் செய்தானோ,
அனுமதிப் பத்திரம் இல்லாமல்,
சங்கத்தில் சேராமல்,
ஆறு கடிதமும் எழுதாமல்.
தர்மகுலத்தார் அதை ஒரு விரலில் வைத்துப் பார்த்தார்.
ஆடாமல் நின்றது.
ஒன்றும் சொல்லாமல் திறப்பை என்னிடம் தந்தார்.

புத்தகத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
இறக்குமதி, விற்பனை, சேதம்:
இதற்கு ஒரு நிரலும் இல்லை.
அலுமாரியில் இருப்பது நூற்று நாற்பத்து நாலு.

கணக்காய்வாளர் தை மாதம் வருவார்.
புஸ்பமலர் நாளைக்கே வருவாள்.