காரணம் என்ற கட்டத்தில்

மின்வாரியப் பழுதுப் பதிவேட்டில்
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
இந்தக் குளிர்காலம் முழுக்க அதில்
ஒரே சொல்தான் எழுதியிருக்கிறேன்.
கிளி.
கிளி.
மேற்படி.

படகோனியாவின் கடலோர ஓரம் இது.
வீடுகள் ஆயிரத்துச் சொச்சம்.
கிளிகளை எண்ணப் போன நகராட்சி
பாதியில் விட்டுவிட்டது.

பொழுது சாயும்போது முதலில் சத்தம் வரும்,
பிறகுதான் பறவை.
கம்பிகள் தொய்யும்.
மங்கிய ஆலிவ் முதுகு, வயிற்றில் ஒரு கைப்பிடிச் சிவப்பு,
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்,
கணக்கு முடிக்க ராத்திரி விழித்த குமாஸ்தாபோல.

கம்பியின் ரப்பரை அவை தின்பதில்லை.
அலகு வளர்ந்துகொண்டே இருக்கும்;
எதையாவது கடித்தாக வேண்டும்.
முன்பு சஞ்ஞார் புதர்கள் இருந்தன.
அவற்றை உழுது வெங்காயம் போட்டோம்.
மிச்சம் இருப்பது என் கம்பி.

பேக்கரி ஒத்திலியா தொலைபேசியில் கத்தினாள்:
"மாவு பாதி பிசைந்தபடி நிற்கிறது,
உங்கள் ஆபீசில் துப்பாக்கி இல்லையா?"
ஏணி இருக்கிறது, என்றேன்.

ஞாயிறுகளில் மீன்பிடிக்கப் போவேன்,
செங்குத்து மணற்பாறைக்குக் கீழே.
பாறை முழுக்கப் பொந்துகள்.
உள்ளே வளைந்து நெளிந்து போகும் சுரங்கம்,
என் கை மூன்று சேர்த்தாலும் முடிவை எட்டாது.
எல்லாம் அலகும் நகமும் குடைந்தவை.
போன வருஷத்து ஜோடியே திரும்பி வந்து
அதே வாசலில் இன்னும் ஒரு சாண் தோண்டும்.
இத்தனை வீடுகள் இருந்தும்
மின் இணைப்புக் கேட்டு ஒரு மனுகூடப் போடாத ஊர்
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஆணும் பெண்ணும் ஒரே நிறம்.
எது எதுவென்று அவற்றுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் கம்பம்.
அதிசயமாய் ஓர் இலைகூட அசையாத மாலை.
ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாது.
சிறகு விரித்துப் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிட்டது.
கீழே, என் பூட்ஸ் அருகே கிடந்தது.
தீய்ந்த இறகின் வாடை.

கூட்டம் எழுந்து போயிருந்தது.
ஒன்று மட்டும் போகவில்லை.

நான் ஏறினேன்.
கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
என் கையுறையை ஒரு கடி கடித்துப் பார்த்தது,
கோபமில்லை,
இது என்ன பொருள் என்பதுபோல.
பிறகு மறுபடி கீழே பார்த்தது.

வேலை எட்டு நிமிடத்தில் முடிந்தது.
ரேடியோவில் எவரிஸ்தோ:
"ஆச்சா? லைனைப் போடட்டுமா?"

அலகைக் கம்பியில் ஊன்றி ஊன்றி
அது பக்கவாட்டில் நடந்து வந்தது.
மற்றது உட்கார்ந்திருந்த அதே இடத்தில்
நின்றது.

இன்னும் கொஞ்சம், என்றேன்.

ஊர் இருட்டில் இருந்தது.
எங்கோ ஒரு ஜன்னலில் மெழுகுவர்த்தி.
ஒத்திலியாவின் மாவு புளித்துக்கொண்டிருக்கும்.
எவரிஸ்தோ இரண்டு முறை கூப்பிட்டான்;
இரண்டு முறையும் ரேடியோ கேட்கவில்லை எனக்கு.

பாறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.
தலையைத் திருப்பியது. போகவில்லை.
நெடுநேரம் கழித்து இன்னொரு குரல்.
அதற்கும் போகவில்லை.
பிறகு எந்தக் குரலும் இல்லாதபோது
போயிற்று.

போடு, என்றேன்.

பதிவேட்டில், காரணம்: கிளி.
அடுத்த கட்டம், தாமதத்துக்குக் காரணம்.
காற்று, என்று எழுதினேன்.
இந்தப் பக்கத்தில்
அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.