யூனிட்டுக்கு இருபது பைசா

பெயர் மௌனசாமி.
பேசியது ஒன்றேமுக்கால் மணி நேரம்.
பல்லடத்தில் அந்தக் கல்யாண மண்டபம்,
முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரத்தை
இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.
விசைத்தறிக்காரர்கள் முன்னூறு பேர் இருப்போம்,
தலைமயிரில் பஞ்சு, சட்டைப்பையில் கரண்டு பில்.

எம்.பி. காகிதம் பார்க்காமல் பேசினார்.
"காத்தாடியை நான் குத்தஞ் சொல்லலீங்க.
கேத்தனூர்க் காட்டுல எங்க பங்காளிகளுதே நாலு நிக்குது.
ஆடியில சுத்தும்.
ஐப்பசியில தலை போன பனையாட்டம் நிக்கும்.
உங்க தறி ஆடியில மட்டுமா ஓடுது?"
கை தட்டினோம். நானும்தான்.
சரியானதைச் சொன்னால் சரிதானே.

பிறகு அணுவுக்கு வந்தார்.
ராவும் பகலும் ஒரே சீராய் வரும்,
நிலக்கரிக் கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம்,
மேகத்துக்குக் கும்பிடு போட வேண்டாம்.
பிவண்டித் தறிக்கும் பல்லடத்துத் தறிக்கும்
யூனிட் ஒரே விலை,
யூனிட்டுக்கு இருபது பைசாவாவது குறையும்,
அதுதான் நாடு என்றார்.
"மிஞ்சற கசடு எவ்வளவுங்கறீங்க?
ஊருக்கே சேத்துனாலும் ஓர் ஆட்டாங்கல் அளவு.
பூட்டி வெக்க ஒரு ரூமு பத்தாதுங்களா?"

நோட்டீசைத் திருப்பி அதன் முதுகில் கணக்குப் போட்டேன்.
பன்னிரண்டு தறி.
ரெண்டு மாசத்துக்கு ஒன்பதாயிரம் யூனிட்.
யூனிட்டுக்கு இருபது பைசா குறைந்தால்
ஆயிரத்து எண்ணூறு.
அடித்துவிட்டு மறுபடி போட்டேன்.
ஆயிரத்து எண்ணூறுதான்.
ஒரு தேசம் அணுவைப் பிளப்பதில்
என் பங்கு ரெண்டு கேஸ் சிலிண்டர்.
கேலி இல்லை.
ரெண்டு சிலிண்டர் என்பது ரெண்டு சிலிண்டர்.

மைக் வரிசையாய்க் கை மாறி வந்தது.
சாமளாபுரத்துக்காரர் கூலி உயர்வைக் கேட்டார்,
அது கரண்டு இல்லை என்று உட்கார வைத்தார்கள்.
என் முறை.
"எப்பங்க வரும்?" என்றேன். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எல்லாரும் "விரைவில்" என்பார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
துண்டின் முனையில் துடைத்தார்.
"பொய் சொல்லக் கூடாதுங்க.
இன்னைக்கே அஸ்திவாரந் தோண்டுனாலும்
பன்னெண்டு வருசம்."
மண்டபம் சலசலத்தது.
ஒன்றியச் செயலாளர் பின்னாலிருந்து
அவர் வேட்டியை இழுத்ததை நான் பார்த்தேன்.
என் தறிக்கடன் முடிய மூன்று வருடம்.
பழைய இரும்புக்காரன் இப்போதே
குடோனை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.
ஆனாலும் அந்த ஆளுக்கு ஓட்டுப் போடலாம் என்று
முதல்முறையாக அப்போதுதான் தோன்றியது.

ராத்திரி ஷிப்டில்
தார் சுற்றிக்கொண்டிருந்த சகாயராணியிடம் சொன்னேன்.
தெற்கே கடலோரத்துக்காரி.
அவள் அம்மா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால்
உலைகளின் குமிழ் தெரியுமாம்.
அங்கே கூட்டத்தோடு போய் உட்கார்ந்ததற்கு
தாய்மாமன் மேல் போட்ட வழக்கு
இன்னும் வாய்தாவில் இருக்கிறதாம்.
இத்தனை வருடத்தில் இதை ஒரு நாளும் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஆட்டாங்கல்லைச் சொன்னபோது சிரித்தாள்.
நூல் அறுந்தது.
"அந்த ரூமு எந்த ஊருல அண்ணாச்சி?"

சொல்லவில்லையே என்றேன்.

"பன்னெண்டு வருசம்னு ஒத்துக்கிட்ட மனுசன்,
கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பாரு.
நீங்க கேக்கல."

கேட்கவில்லைதான்.
அந்த நேரம் என் வாய் நிறைய
இருபது பைசா இருந்தது.

அவள் நூலை முடிந்து மறுபடி சுற்றத் தொடங்கினாள்.
பன்னிரண்டு தறி ஓடும் சத்தத்தில்
அதற்கு மேல் எதுவும் பேசவும் முடியாது.
தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன்.
கேத்தனூர்ப் பக்கம் வரிசையாய்ச் சிவப்பு விளக்குகள்.
சுற்றுகிறதா நிற்கிறதா என்று
ராத்திரியில் தெரிவதில்லை.