இறங்கக் காசில்லை

எங்கள் கட்டட லிஃப்டில்
ஏறுவதற்கு இருபது தெத்ரி.
இறங்கக் காசில்லை.
திபிலீசிக்குப் புதிதாய் வந்தவர்கள்
இதில் தத்துவம் தேடுவார்கள்.
எனக்கு இது ஒன்பதாம் மாடி,
அவ்வளவுதான்.

நாணயம் விழுந்தால்தான் பொத்தான் கண் விழிக்கும்.
அதற்காகவே வாசலருகே
மத்தி மீன் டப்பா நிறையச் சில்லறை.
ரொட்டிக்கடை ம்ஸியா
நான் கேட்காமலே மீதியை
இருபது இருபதாய் எண்ணி வைப்பாள்.

வெள்ளிதோறும் வலிக்கோ வருவான்
சாவிக்கொத்தும் கான்வாஸ் பையுமாய்.
பெட்டியைத் திறந்தால்
தகரக்கூரையில் ஆலங்கட்டி.
பதினாறு கட்டடம் நடந்து நடந்து
அவனுக்கு இடது தோள் இறங்கியிருந்தது.
நாணயங்களுக்கு நடுவே கோட்டுப் பொத்தான்,
வாஷர், துருக்கிக் காசு.
"ஏமாற்றுகிறவர்கள் எல்லாம்
மேல்மாடிக்காரர்கள்" என்பான்
என்னைப் பார்த்து.
ஒரே ஒரு முறைதான் போட்டேன்.
அதுவும் நல்ல பொத்தான்.

என் வேலை, யாரோ பேசியதைக் கேட்டு எழுதுவது.
காப்பீட்டுக்காரர்கள், பன்றிப் பண்ணைக்காரர்கள்,
விவாகரத்து வக்கீல்கள்
என் காதுக்குள் இருமுகிறார்கள்.
ஒரு நிமிடப் பேச்சுக்கு எண்பது சென்ட்.
அவர்கள் யோசித்து மௌனமானாலும்
அந்த மௌனத்துக்குக் கூலி உண்டு.
என் மௌனத்துக்குத்தான் இல்லை.

இப்போது மெஷின் முதலில் எழுதுகிறது.
பின்னால் போய்த் திருத்துகிறவளுக்கு
இருபத்தைந்து.
அதன் பிழை குறையக் குறைய
என் கூலியும் குறையுமாம்.
ஞாயிறுகளில் கோயிலுக்குப் போய்
அதன் முட்டாள்தனம் நீடிக்க
ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.
மெலிந்த வகை, ஐம்பது தெத்ரி.

மார்ச்சில் லிஃப்டுக்குள் நீல விளக்கு வைத்தார்கள்.
அட்டையைக் காட்டினால் டிங்.
காசுத் துளைக்குப் பழுப்பு டேப்.
மாதக் கடைசியில் ஃபோன் சொன்னது:
அறுபத்தோரு முறை ஏறியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்.
பக்கத்தில் பலூன் படம்.
இறங்கியதற்குக் கணக்கே இல்லை.
அதன்படி பார்த்தால்
நான் இந்நேரம்
மேகத்தையெல்லாம் தாண்டியிருக்க வேண்டும்.

போன புதன்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கரண்ட் போனது.
உள்ளே நான், ஒரு ஷோத்தி ரொட்டி,
வலிக்கோ, அவன் கக்கத்தில் நர்டிப் பலகை.
பதினொன்றாம் மாடி மைத்துனனோடு ஆடப் போகிறானாம்,
புதன்கிழமை, பட்டப்பகலில்.
"வேலை எப்படி" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
"தோள் நேராகிவிட்டது" என்றான்.

ஃபோன் வெளிச்சத்தில்
தரையில் பலகையை விரித்தோம்.
பந்தயம், ரொட்டியின் மொறுமொறு முனை.
நான் பகடையைக் குலுக்கும்போது
வெளிச்சமே அதிர்ந்தது:
பன்னிரண்டு நிமிடப் பேச்சு காத்திருக்கிறது,
ஏற்கிறீர்களா?
முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு...
என் இரண்டு காய்கள் ஆபத்தில் இருந்தன.
பேச்சு வேறு யாருக்கோ போனது,
வேறு ஊரில், கரண்ட் உள்ள யாருக்கோ.

ஷோத்திக்கு இரண்டே முனை.
இரண்டையும் தோற்றேன்.
அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

கரண்ட் வந்ததும் லிஃப்ட்
யாரையும் கேட்காமல் தரைக்கு இறங்கியது,
இலவசமாக.
மறுபடி அட்டையைக் காட்டினேன்.
டிங் இல்லை. இருப்பு போதாது.
வலிக்கோவிடம் அட்டையே கிடையாது.
சட்டைப்பை தடவி ஓர் இருபது தெத்ரி எடுத்தான்,
டேப்பின்மேல் வைத்து
பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.
பழக்கதோஷம்.

ஒன்பது மாடியை நான் அண்ணாந்து பார்த்தேன்.
பதினொன்றை அவன் பார்க்கவேயில்லை.

"இன்னோர் ஆட்டம்?"
"ரொட்டியில் முனை இல்லையே."
"நடுப்பகுதி இருக்கிறதே" என்று
மூன்றாம் படியில் பலகையைத் திறந்தான்.
ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஜன்னல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது.